நாலாவது மூலை

துணித் துண்டிலிருந்து உரித்த படலத்தை இடது முன்கையில் ஒட்டிக்கொண்டு அக்கா அடுத்த துண்டுக்குப் போகிறார். அதையும் உரிக்கிறார், அதுவும் கைக்கு ஏறுகிறது. ஒரு குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழு ப்ளாஸ்டிக் படலங்கள் தொங்கிக்கொண்டிருக்கும், கொடியில் காயப்போட்ட கைக்குட்டைகளைப்போல. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, சன்னலுக்கு நேராக விரித்துப் பிடித்து, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கண்ணாலேயே தொடுகிறார். நான்கு மூலையும் இருந்தால் படலம் கூடைக்குப் போகும். ஏழு படலம், இருபத்தெட்டு மூலை. அதன் பிறகுதான் குழாய் மேசையை விட்டு நகரும்.

பட்டறையில் அவருக்கு நாலுமூலை அக்கா என்று பெயர். முதலாளி அவரைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நாலுமூலையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அடுப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த நாசூக்கு கிடையாது. "பூமி உருண்டைன்னு கண்டுபிடிச்சப்ப உங்களுக்குத் தூக்கமே வந்திருக்காதே அக்கா" என்பார். "உருண்டையா இருந்தா மூலை எண்ணுற வேலை மிச்சம்" என்று தலை நிமிராமலேயே பதில் வரும்.

அங்கே செய்வது கார்பன் இழைக் குழாய்கள். தூண்டில் கோல், கேமராவுக்கான முக்காலி, கூடாரக் கம்பு, இப்போது இரண்டு வருடமாக, செயற்கைக் காலுக்குள் எலும்பின் இடத்தில் நிற்கும் குட்டைக் குழாய். யாராவது வந்து, இதையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் முதலாளி அக்காவைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அக்காவிடம் அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சொல் கூடாது, குறையாது.

"மூணு விதமாப் பண்ணலாம். நூலையெல்லாம் பசையில முக்கி, சூடான அச்சு வழியா இழுத்துக்கிட்டே போறது ஒண்ணு. அதுல நூல் பூரா நீட்டுவாக்குல படுத்திருக்கும். நேரா நிக்கவச்சா எவ்வளவு கனமும் தாங்கும். லேசா முறுக்கினா மூங்கில் மாதிரி நெடுகக் கிழிஞ்சுடும். இன்னொண்ணு, மிஷின் நூலைச் சுத்திக்கிட்டே இருக்கும், ராட்டைக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி. அதுக்குப் பெரிய இடம் வேணும். நாங்க பண்றது சுருட்டு வேலை. பாயைச் சுருட்டுற மாதிரி நினைச்சுக்குங்க. ஒரே வித்தியாசம், பாயைத் திரும்ப விரிக்கலாம்."

இந்த இடத்தில் வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பாய் என்று அவர் சொல்வது பசை ஊறிய கறுப்புத் துணியை. அது உறைகுளிர்ப் பெட்டியில் கிடக்கும். காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய சுருளை உறையோடு வெளியே எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. குளிர் விடுவதற்குள் உறையைப் பிரித்தால் துணிக்கு வேர்க்கும். வேர்த்த துணி அடுப்பில் கொப்புளிக்கும். காய்ச்சல்காரரின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல உறையின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் முழிக்கல" என்பார். அது முழிக்கும் வரை பட்டறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது, பழக்கமாகிவிட்டது.

முழித்ததும் துண்டு போடுவார். இரண்டு துண்டில் இழைகள் சாய்வாக ஓடும், நான்கில் நேராக, கடைசி ஒன்றில் குழாயைச் சுற்றி. எஃகுத் தண்டுக்கு மெழுகு பூசி, துண்டின் ஓரத்தைத் தண்டின் நீளத்துக்குச் சேர்த்து ஒட்டி, உள்ளங்கையின் அடிமேட்டால் உருட்டுவார். அந்த அழுத்தம் கூடினால் பசை ஒருபக்கம் ஒதுங்கும், குறைந்தால் காற்று தங்கும். பிறகு அதன்மேல் சுருங்கும் நாடாவை இறுக்கமாகச் சுற்றுவார். அடுப்பின் சூட்டில் நாடா சுருங்கி அடுக்குகளை நெரிக்க, பசை இறுகிக் கல்லாகும். ஆறிய பின் தண்டை உருவினால் குழாய்.

துணி தன்மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் படலம். அதில் ஒரு துணுக்கு உரியாமல் உள்ளே தங்கிவிட்டால், அந்த இடத்தில் இரண்டு அடுக்குகள் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடும். சுவர் ஒன்றுதான், உறவு கிடையாது. வெளியே ஒன்றும் தெரியாது. குழாய் பளபளவென்றுதான் இருக்கும். என்றைக்கோ பாரம் இறங்கும்போது அங்கிருந்து பிரியும்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு தூண்டில் கோல் இரண்டு துண்டாகத் தபாலில் திரும்பி வந்தது. பிளவுக்குள் நகக்கண் அளவு மஞ்சள் படலம். அன்று சுருட்டியவர்கள் அக்காவையும் சேர்த்து மூன்று பேர். மூவரும் படலங்களை ஏழு ஏழாக எண்ணியவர்கள்தான். கிழிந்த படலமும் எண்ணிக்கையில் ஒன்று என்பது அப்போதுதான் புரிந்தது. யாருடைய ஏழு என்று கடைசிவரை தெரியவில்லை. மற்ற இருவரும் அதை அதோடு விட்டார்கள்.

அந்தக் காலத்தில் படலமாவது மஞ்சளாக இருந்தது, கறுப்பின்மேல் பளிச்சென்று தெரியும். நான்கு மாதமாகத் துணி வேறு இடத்திலிருந்து வருகிறது. படலத்துக்கு நிறமே இல்லை. அக்கா முதலாளியிடம் ஒருமுறை சொன்னார். "பார்த்துக்கலாம் அக்கா" என்றார் அவர். பார்த்துக்கொள்ளும் வேலை அன்றிலிருந்து அக்காவுடையதாயிற்று.

வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது துணுக்கு முழுதாகத் துண்டாகாமல் பாக்கெட்டிலேயே தொங்க வேண்டும். வேன் ஓட்டும் கணவருக்கு இருபது வருடமாக இது கைவரவில்லை. வெட்டின வேகத்தில் துணுக்கு எங்காவது பறந்துவிடும். "மூலை எங்க?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். "டீயில இருந்தா வடிகட்டியில மாட்டும், இல்லன்னா என் வயித்துல இருக்கும், விடேன்" என்பார் அவர். துணுக்கு கிடைக்கும் வரை அக்காவின் டம்ளர் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டின் கூடத்தில்தான் ஏழு மாதமாக நாத்தனார் இருக்கிறாள். கணவரின் ஒரே தங்கை. எட்டு வயது மகளையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது போவாள் என்றும் யாரும் கேட்கவில்லை. முதல் கேள்வியைக் கேட்காதது பெருந்தன்மை. இரண்டாவதை அக்கா தினமும் ஒருமுறை விழுங்கினார். சாப்பாட்டு மேசைமேல் பள்ளிக்கூடப் புத்தகங்கள், நாற்காலி முதுகில் ஈரத்துண்டு, தாழ்ப்பாள் போட்ட குளியலறை. தன் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்ற கணக்கும் அவரிடம் இருந்தது.

நாத்தனாரைப் பட்டறையில் சேர்த்துவிட்டது அவர்தான். இருபத்தைந்து நாள் பார்ப்பது, பிடித்தால் நிரந்தரம். அதற்குள் ஒரு தொகுதியைக் கெடுத்தால் வீட்டுக்கு. இப்படி ஏற்கெனவே இரண்டு பேர் போயிருக்கிறார்கள். நாத்தனாரின் இருபத்தைந்தாவது நாள் ஒரு சனிக்கிழமை. வேலை நிரந்தரமானதும் வருவதாகச் சொல்லி, மகளின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமையை அண்ணியும் நாத்தனாரும் ஒரே மாதிரி ஆவலோடு எதிர்பார்த்தார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை. செயற்கைக் கால் செய்பவருக்குப் பன்னிரண்டு குட்டைக் குழாய்கள். அக்காவுக்கு ஆறு, நாத்தனாருக்கு ஆறு. தண்டின் முனையில் அக்காவுடையதற்கு ஒரு சாக்பீஸ் கோடு, அவளுடையதற்கு இரண்டு. அக்காவின் படலங்கள் வழக்கம்போல முன்கைக்கு ஏறி, எண்ணப்பட்டுக் கூடைக்குப் போயின. நாத்தனாருக்கு அந்தக் கைப்பழக்கம் இன்னும் வரவில்லை. உரித்ததை ஒரு தட்டில் போட்டுவைப்பாள், கடைசியில் மொத்தமாக எண்ணுவாள். அன்றைக்கும் எண்ணினாள். நாற்பத்திரண்டு. சரியாக இருந்தது. பன்னிரண்டு குழாயும் அடுப்புக்குள் போயின. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சாப்பிட்ட கையோடு அக்கா அந்தத் தட்டை எடுத்துச் சன்னலருகே வைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு படலத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மூலை. அவருக்குக் கிடைத்தது நூற்று அறுபத்தேழு.

மறுபடி எண்ணினார். நூற்று அறுபத்தேழுதான். ஒரு படலத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீற்று கிழிந்து போயிருந்தது, மூலையையும் சேர்த்துக்கொண்டு.

அடுப்பருகே போய், எவ்வளவு நேரமாயிற்று என்று விசாரித்தார். "இருபது நிமிஷம். ஏன், பசிக்குதா அதுங்களுக்கு?" என்றார் அடுப்புக்காரர். இருபது நிமிடம் என்றால் பசை இளகியாயிற்று. இப்போது நிறுத்தினால் பன்னிரண்டும் பாழ். அக்கா மேசைப் பக்கம் திரும்பினார்.

தேடினார். நாத்தனாரின் மேசைமேல், தட்டின் அடியில், குப்பைக் கூடையில், எல்லோருடைய செருப்பின் அடிப்பக்கத்தில். மேசைக்கு அடியில் தலையை விட்டுத் தவழ்ந்து, கால்களைச் சுற்றிக் கையால் தடவி, மறுபக்கமாக வெளியே வந்தார். நிறமில்லாத துணுக்கு, சிமென்ட் தரை. இரண்டு தடவை பெருக்கினார். இழைத் தூசியும் நாடா நறுக்குகளும்தான் வந்தன.

கை கழுவும் தொட்டியருகே நாத்தனாரிடம் படலத்தைக் காட்டினார். அவள் முதலில் கிழிசலைப் பார்க்கவில்லை.

"நாப்பத்திரண்டு இருக்குல்ல அண்ணி?"

"இருக்கு. இதுக்கு மூணு மூலைதான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கீழே விழுந்திருக்கும் என்றாள். விழுந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றார் அக்கா.

"கிடைக்கலன்னா உள்ளதான் இருக்கணும்னு என்ன சட்டம்?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் குழாயை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு நாள் அண்ணி. மூணே நாள் பொறுத்துக்குங்க. நான் போயிட்டா உங்களுக்கும் நிம்மதிதானே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

அக்கா படலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுத்திருக்கலாம். பொய்யாக இருந்திருக்கும்.

அடுப்பு அணைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் தூண்டில் கோல்களுக்குத் துண்டு போட்டார், ஒரு கோடுகூடக் கோணாமல். கையைப் பார்த்தவர்கள் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. சொல்லாவிட்டால் கூடம் காலியாகும். கணவருக்குத் தங்கையைக் கரையேற்றிய திருப்தி. முதலாளிக்குப் பன்னிரண்டு குழாய். சொன்னால் இவை மூன்றும் இல்லை, அந்தத் துணுக்கு ஒருவேளை தரையிலேயே கிடந்தாலும்கூட. அவர் மனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் காணாமல் போன அந்த மூலையில் வந்து நின்றது.

நாலு மணிக்குக் குழாய்கள் ஆறின. தண்டுகளை உருவினார்கள், நாடாவை உரித்தார்கள். இரண்டு கோடு போட்ட தண்டுகளிலிருந்து வந்த ஆறையும் அக்கா தனியே எடுத்து வரிசையாக அடுக்கினார். முதலாளியைக் கூப்பிட்டு, மூன்று மூலைப் படலத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். விஷயத்தைச் சொல்ல மூன்று வாக்கியங்கள் போதுமாக இருந்தன.

"யாரோட ஆறு?" என்றார் முதலாளி.

அக்கா குழாய்களைப் பார்த்தார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல நாத்தனார் கையைப் பாதி தூக்கினாள்.

முதலாளி ஒரு நாணயத்தை எடுத்து ஆறையும் தட்டினார். ஆறும் ஒரே குரலில் கிணுங்கின. இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோலப் பார்த்தார். உள்ளே காற்று இருந்தால் நாணயம் சொல்லும், படலம் இருந்தால் சொல்லாது என்றார் அக்கா. மூலை என்றால் குழாயின் முனையில்தானே இருக்கும், இரண்டு பக்கமும் விரல் நீளம் வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டார் முதலாளி. வெட்டினால் காலுக்கு நீளம் போதாது. முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்கள், கறுப்புக்குள் கறுப்பு. கடைசியில் அவர் குரலை இறக்கிக்கொண்டு, கெஞ்சுவதுபோலவே கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு அக்கா. யாரு பார்க்கப் போறா?"

"காலை மாட்டிக்கிட்டு மாடிப்படி இறங்குறவன் பார்ப்பான்."

முதலாளி முதல் குழாயை எடுத்துக்கொண்டு வைஸுக்குப் போனார்.

மேசையோரத்தில் பொருத்திய இரும்புத் தாடைகள் அவை. நடுவே குழாயைப் படுக்கவைத்துக் கைப்பிடியைத் திருகினால் தாடைகள் நெருங்கும். குழாய் முதலில் அசையாது. அப்புறம் கொஞ்சம் நீள்வட்டமாகும். பிறகு ஒரே சத்தம். படலம் உள்ளே இருந்தால் அடுக்குகள் வெங்காயம்போலப் பிரிந்து வரும். இல்லையென்றால் ஏழும் சேர்ந்தே உடையும். முதல் குழாய் மூன்றாவது திருகலில் உடைந்தது. விளிம்பில் ஏழு அடுக்கும் ஒன்றாகவே இருந்தன. இரண்டாவது, அதேபோல. மூன்றாவதற்கு அடுப்புக்காரரும் வந்து நின்றுகொண்டார். இப்போது அவர் ஒரு கேலியும் செய்யவில்லை. நான்கு. ஐந்து. ஒவ்வொரு சத்தத்துக்கும் நாத்தனாரின் கண் மட்டும் மூடித் திறந்தது.

ஆறாவதைக் கையில் எடுத்த முதலாளி அதைத் தாடைகளுக்குள் வைக்கவில்லை.

"போதும். அஞ்சும் சுத்தமா இருக்கு. இதை யாருக்கும் குடுக்க வேணாம், அலமாரியில கிடக்கட்டும். யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல வேணாம். என்னக்கா?"

எல்லோரும் வீட்டுக்குப் போகத்தக்க ஏற்பாடு அது. துணுக்கு உள்ளே இருந்தால் ஆறாவதில்தான் இருக்க வேண்டும். உடைத்து, அது இருந்தால் நாத்தனாருக்கு வேலை இல்லை. உடைத்து, அது இல்லாவிட்டால் ஆறு நல்ல குழாய்களை நாலுமூலை அக்காவின் எண்ணிக்கை தின்றுவிட்டது. உடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. அக்கா அந்த ஆறாவது குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டியிருப்பாரோ என்னவோ.

"உடைச்சுடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். முதலாளியை அவள் பார்க்கவே இல்லை. "இல்லன்னா சாகுற வரைக்கும் என்னை இப்படியேதான் பார்ப்பீங்க."

அக்கா முதலாளியின் கையிலிருந்து குழாயை வாங்கினார். தானே வைத்தார், தானே திருகினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது திருகலில் சத்தம் கேட்டது. விளிம்பைத் தடவிப் பார்த்தார். கத்தி முனையால் நெம்பிப் பார்த்தார். ஏழு அடுக்கும் ஒன்றாகவே இருந்தன.

முதலாளி ஆறு உடைந்த குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருக்குத் தொழில் தெரியும். ஆறும் அதே மூன்றாவது திருகலில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி உடைந்திருந்தன. புதுக் கை ஒன்று இப்படிச் சுருட்டி அவர் பார்த்ததில்லை. உடைக்காமல் இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. நாத்தனாரிடம், "உனக்குச் சுருட்ட வருது. சனிக்கிழமையெல்லாம் பார்க்க வேணாம், நாளையிலிருந்தே நீ நிரந்தரம்" என்றார். சேதப் பதிவேட்டை எடுத்து ஆறு என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தின்மேல் பேனா சற்று நின்றது. ஒன்றும் எழுதாமல் மூடினார். அக்காவிடம் திரும்பாமலேயே, துணி வரப் பத்து நாளாகும், கால் செய்பவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். இதற்கு முன் அவர் அக்காவிடம் 'அக்கா' என்று சேர்க்காமல் பேசியதாகப் பட்டறையில் யாருக்கும் நினைவில்லை.

அக்கா தொலைபேசியில் சொன்னார். ஆறுதான் வரும், மீதி ஆறுக்குப் பத்து நாள். எதிர்முனையில், வெள்ளிக்கிழமை அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தவர்களில் யாருக்கு வேண்டாமென்று சொல்வது என்று அங்கே யாரிடமோ கேட்கும் சத்தம். அக்கா ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார், அந்தப் பேச்சு முடியும் வரை. பிறகு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, தரையை மூன்றாவது தடவை பெருக்கி, தொப்பியையும் மேலங்கியையும் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

பேருந்தில் சன்னலோர இருக்கை ஒன்றும், அதற்குப் பின்னால் ஒன்றும் காலியாக இருந்தன. முன்னதில் அண்ணி, பின்னதில் நாத்தனார். மூன்றாவது நிறுத்தம் தாண்டி வண்டி மேற்கே திரும்பியதும் சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது. அக்கா பையில் எதையோ தேடக் குனிந்தார். கழுத்துக்குப் பின்னால், கொண்டைக்கும் உடுப்பின் ஓரத்துக்கும் நடுவே, ஏதோ ஒன்று மினுக்கியது.

நாத்தனார் இரண்டு விரலால் அதை எடுத்தாள். பசை காய்ந்து தோலோடு லேசாக ஒட்டியிருந்தது. எடுக்கும்போது அக்காவுக்குச் சுருக்கென்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நூலு."

"நூலுக்கு எதுக்குக் கையை மூடுற? காட்டு."

நாத்தனார் காட்டினாள். விரல் நீளக் கீற்று, நிறமற்றது, ஒரு முனையில் வெட்டுக்கத்தி போட்ட சுத்தமான மூலை. மேசையின் அடிவிளிம்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அதைத் தேடித் தவழ்ந்தபோது தேடியவர் கழுத்துக்கே ஏறியிருக்கும். அதற்குப் பிறகு தொப்பிக்கும் மேலங்கிக்கும் அடியில் பத்திரமாக, வைஸ் வரை, தொலைபேசி வரை, கூடவே வந்திருக்கிறது.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். நாத்தனார்தான் பேசினாள், ஏழு மாதத்தில் அவள் அண்ணியிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. வேலை கிடைத்துவிட்டது, குழாய் உடைந்துவிட்டது, இனி இது எங்கே இருந்தால் என்ன என்றாள். சன்னல் வழியாகப் போட்டுவிடச் சொன்னாள். அண்ணி எழுந்து நின்று மணியை அழுத்துவதைப் பார்த்ததும் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"நாளைக்குக் காலையில சொல்லிக்கலாமே அண்ணி."

"முதலாளி ஏழு மணி வரைக்கும் இருப்பார்."

வண்டி நின்றது. அக்கா இறங்கினார். இருபக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, எதிர் நிறுத்தத்தில், வந்த வழியே திரும்பிப் போகும் பேருந்துக்காகக் காத்து நின்றார். நல்ல காற்று. பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வலதுகை இரு விரலால் துணுக்கைப் பிடித்து, காற்று படாதபடி இடது கையை அதைச் சுற்றிக் குவித்து வைத்திருந்தார்.